புழக்கடையில் காடை

காஞ்சிபுரத்திலிருந்து வந்தவாசிக்குச் செல்லும் சாலையில், பாலாற்றுப் பாலத்தை அடைவதற்குச் சற்று முன்னே செவிலிமேடு இருக்கிறது. இன்று அது காஞ்சிபுரம் மாநகராட்சியுள் அடங்கிய ஒரு பகுதி. நான் சிறுவனாயிருந்த காலத்தில் அது தனி ஊர். நரசிம்மர் கோயிலை அடுத்துச் சில தெருக்கள், தெருக்களில் தறிகள், தறிகளுக்கு அப்பால் வேர்க்கடலையும் கேழ்வரகும் விளையும் கொல்லைகள், அவற்றுக்கும் அப்பால் ஆற்று மணல். இராமாநுசர் வரதராசப் பெருமாளுக்கு நாள்தோறும் நீர் சுமந்ததாகச் சொல்லப்படும் சாலைக் கிணறு எங்கள் ஊர்ப் பக்கத்தில் இருப்பதை வெளியூராரும் அறிவர். ஆனால் ஆடி மாதத்தில் மழை பெய்து ஓய்ந்த மறுநாள் காலை அக்கொல்லைகளில் எழும் ஓர் ஒலியை அவர்கள் அறிந்திருக்க மாட்டார்கள். பயிருக்குள்ளிருந்து, ஆளைக் காட்டாமல், இரண்டிரண்டாக ஒலிக்கும் சீழ்க்கை அது. அதுதான் காடையின் குரல்.

1968-ஆம் ஆண்டில், எனக்குப் பத்து வயது நிறைந்திருந்தபோது, வலையும் கூடையுமாகச் சந்தைக்குப் போய்க்கொண்டிருந்த ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நீர் வாங்கிக் குடித்தார். அவர் கூடையில் காடைகள் இருந்தன. நான் சேர்த்து வைத்திருந்த நாலணாவைக் கொடுத்து ஒன்றைக் கேட்டேன். சேவலாகப் பார்த்துத் தந்தார். மார்பில் மை கொட்டினாற்போலக் கருந்திட்டு. முதுகெல்லாம் காய்ந்த புல்லின் நிறம். சிறுவன் கைக்குள்ளும் அடங்கிவிடும் உடல். நூல் போட்டு வைக்கும் மூங்கிற் கூடையொன்றைக் கவிழ்த்து, அதனுள் அதை விட்டு, கேழ்வரகும் நீரும் வைத்தேன். அது இரையைத் தொடவில்லை. காலடி ஓசை கேட்டபோதெல்லாம் அம்புபோல் நேர்மேலே எழும்பிக் கூடையில் தலையை மோதிக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் இறந்து கிடந்தது. அதன் தலையில் இறகே இல்லை. தறிக்குழியில் அமர்ந்திருந்த என் தந்தையார், கையிலிருந்த நாடாவை நிறுத்தாமலே, "கொல்லையில திரியறதக் கூடையில போட்டா பொழைக்குமாடா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

அதே வீட்டின் அதே புழக்கடையில் இப்போது ஐந்து காடைகள் வளர்கின்றன. ஒன்று சேவல், நான்கு பெட்டைகள். அவை நன்றாக உண்கின்றன, மண்ணில் புரள்கின்றன, மாலைதோறும் முட்டையிடுகின்றன. அவற்றுள் மூத்ததற்கு மூன்றாம் ஆண்டு நடக்கிறது. அன்று மூன்று நாள் கூடத் தாங்காத காடை இன்று மூன்று ஆண்டு வாழ்வது எப்படி? நான் பள்ளி ஆசிரியனாய் இருந்து கற்றுக்கொண்ட திறமையால் அன்று. இரண்டும் வெவ்வேறு பறவைகள் என்பதே விடை. இந்த வேறுபாட்டை அறியாமல் காடை வளர்க்கப் புகுவோர் பறவைக்கும் தீங்கு செய்வர், சட்டத்துக்கும் குற்றவாளியாவர். ஆகவே கூண்டைப் பற்றியும் தீவனத்தைப் பற்றியும் சொல்வதற்கு முன்னர் அதனை விளக்கிவிடுகிறேன்.

நான் நாலணாவுக்கு வாங்கியது எங்கள் கொல்லைகளுக்கு உரிய மழைக்காடை. மழைக்காலத்தில் இணைகூடிப் புல்லடியில் முட்டையிடும் பறவை அது. 'கோட்டர்னிக்ஸ் கோரமண்டெலிகா' என்பது இதன் இலத்தீன் அறிவியற் பெயர்; அதன் இரண்டாம் பகுதி 1789-ஆம் ஆண்டில் ஜெர்மானிய இயற்கையறிஞர் க்மெலின் சூட்டிய பெயரிலிருந்து வந்தது. சோழமண்டலக் கரையின் பெயரே 'கோரமண்டல்' எனத் திரிந்து அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகெங்கும் உள்ள பறவை நூல்களில் நம் கரையின் பெயரைச் சுமக்கும் இச்சிறு பறவையை நாம் பெரும்பாலும் வறுவலாகவே அறிந்திருந்தோம் என்பது வருந்தத்தக்கது. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வலசை வரும் மற்றொரு காடையும் உண்டு. அதன் குரல் மூன்று அசைகளாய் ஒலிக்கும். இவற்றை வலைவைத்துப் பிடிப்பதும் விற்பதும் அடைத்து வைப்பதும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தால் தடுக்கப்பட்டவை. நான் சிறுவனாய் இருந்தபோது செய்ததை இன்றைய சிறுவர் செய்யலாகாது. இரக்கத்தால் வாங்குகிறோம் என்பதும் சமாதானமன்று. வாங்குவோர் இருக்கும்வரை வலை விரிப்போரும் இருப்பர்.

காடையைப் பிடித்து வைத்து மகிழ்வது தமிழர்க்குப் புதிதன்று. பழைய நூல்கள் இதனைக் குறும்பூழ் என்கின்றன. கலித்தொகையின் மருதப் பாடல்களுள் ஒன்றில், வீடு திரும்பத் தாமதித்த தலைவன் தான் குறும்பூழ்ப் போர் காணச் சென்றிருந்ததாகச் சொல்லித் தப்பப் பார்க்கிறான். தலைவி அதனை நம்பினாளா என்பது இலக்கிய ஆசிரியர் விளக்க வேண்டியது. எனக்கு வேண்டியது வேறு. போருக்குப் பழக்கிய பறவையானாலும் அது காட்டுப் பறவைதான். பழக்குதல் வேறு, வீட்டுயிராக்குதல் வேறு. கோயில் யானையைப் பாருங்கள். அது பாகன் சொல்லுக்குப் பணிகிறது. எனினும் அதன் பிறப்பும் குணமும் காட்டினுடையவை. யானை பழக்கப்பட்டது, வீட்டுயிர் ஆக்கப்பட்டதன்று. பசுவும் கோழியும் அவ்வாறல்ல. அவை தலைமுறை தலைமுறையாக மனிதன் வீட்டிலேயே பிறந்து, மனிதன் தெரிந்தெடுத்த தாய்தந்தையரின் குணங்களையே பெற்று, உள்ளுக்குள்ளேயே மாறிவிட்டவை.

காடை இனத்தில் அவ்வாறு மாறியது ஒன்றே ஒன்று. அது ஜப்பானியக் காடை. ஜப்பானியர் பல நூற்றாண்டுகளுக்கு முன்னர் இதனைக் குரலுக்காகவே வளர்த்தனர். இதன் சேவல் கூவுவதைக் கேட்கக் கூட்டம் கூடுவதும், எவர் சேவல் நன்றாகக் கூவுகிறது என்று போட்டி வைப்பதும் அங்கே இருந்தன. என் சேவல் கூவுவதைக் கேட்டால் இதை நம்புவது கடினம். துருவேறிய கீலுடைய கதவொன்றை யாரோ அவசரமாகத் திறப்பது போல இருக்கும். முட்டைக்காகப் பெருவாரியாக வளர்க்கும் முறை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் வந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் காடைப் பண்ணைகள் ஏறத்தாழ அழிந்தன. குரலுக்காகப் பேணிய வகைகள் அடியோடு மறைந்தன. 1945-க்குப் பின் எஞ்சியிருந்த சில பறவைகளைக் கொண்டு முட்டைக் காடையை மீண்டும் பெருக்கினர். போட்டிகளில் பாராட்டுப் பெற்ற அந்தக் குரலை இனி எவரும் கேட்க இயலாது.

இந்தியாவுக்கு இப்பறவை 1974-ஆம் ஆண்டில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்திலிருந்து வந்தது. உத்தரப் பிரதேசத்தில் பரேலியை அடுத்த இஜ்ஜத்நகரில் அதனை ஆராய்ந்து பெருக்கினர். பின்னர்த் தமிழ்நாட்டிலும் கால்நடை அறிவியல் துறையினர் இதில் ஈடுபட்டுச் சென்னை நந்தனத்தில் நந்தனம் காடை என்றும், நாமக்கல்லில் நாமக்கல் காடை என்றும் நம் தட்பவெப்பத்துக்கு ஏற்ற வகைகளை உருவாக்கினர். இடையில் ஒரு குழப்பமும் நேர்ந்தது. காடை என்றாலே காட்டுப் பறவைதானே என்று கருதி, 2011-ஆம் ஆண்டில் புதிய பண்ணைகளுக்கு உரிமம் தருவதை மத்திய அரசு நிறுத்தியது. இது வீட்டுப் பறவை என்று அறிஞர் எடுத்துச் சொன்னபின் 2013-ஆம் ஆண்டில் அத்தடை நீங்கியது. அரசுக்கே நேர்ந்த மயக்கம் சிறுவனுக்கு நேர்ந்ததில் வியப்பில்லை. ஆகவே நேயர்கள் காடை வாங்குவதானால், அரசுப் பண்ணையிலோ நன்கறிந்த பண்ணையிலோ பிறந்த ஜப்பானியக் காடைக் குஞ்சையே வாங்க வேண்டும். சாலையோரத்தில் வலைப்பையில் தொங்கும் பறவையை வாங்கக் கூடாது.

என் வீட்டுக்கு அறிவியல் ஐயம் கேட்க வரும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி, ஒருநாள் கூண்டின் முன் நெடுநேரம் நின்றுவிட்டு, "தாத்தா, இதுங்க முட்டை போடுதே தவிர, ஒண்ணுகூட அது மேல உக்கார மாட்டேங்குதே, ஏன்?" என்று கேட்டாள். நல்ல கேள்வி. காடையைப் பற்றி ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டுமானால் கேட்கத்தக்க கேள்வி இதுதான். முதலில் அவளையே கொல்லைக்காடையைப் பற்றி எண்ணச் சொன்னேன். அதன் பெட்டை புல்லடியில் அமர்ந்து, நாள் தவறாமல் அடைகாத்துக் குஞ்சு பொரிக்கிறது. காடையைப் போலவே தோன்றும் மூவிரற் பறவை ஒன்றும் நம் கொல்லைகளில் உண்டு. அதில் பெட்டை முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், சேவலே அடைகாக்கும். எப்படியாயினும் அங்கே எவரோ ஒருவர் அமர்கிறார். ஜப்பானியக் காடையிலோ பெரும்பாலும் எவரும் அமர்வதில்லை. முட்டையை இட்ட இடத்திலேயே விட்டுவிட்டு இரை தேடப் போய்விடுகிறது.

இதன் காரணம் எளியது. ஆனால் எண்ணிப் பார்க்கத்தக்கது. அடைகாக்கும் பறவை அந்நாட்களில் முட்டையிடுவதை நிறுத்திவிடும். முட்டைக்காக வளர்ப்பவர் எந்தப் பெட்டையை விரும்புவார்? நிறுத்தாமல் இடுவதையே. அதன் முட்டைகளைத்தான் அடுத்த தலைமுறைக்கென எடுத்து வைப்பார். அவற்றை எந்திரத்தில் பொரிப்பார். அமர்ந்து அடைகாக்க விரும்பிய பெட்டையின் வழித்தோன்றல்கள் குறையும். அமராததன் வழித்தோன்றல்கள் பெருகும். ஒரு காடை ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்கிவிடுவதால், ஓராண்டுக்குள் மூன்று நான்கு தலைமுறைகள் வந்துவிடும். இப்படிப் பல பத்தாண்டுகள் சென்றால், தாய்மைக் குணம் எவரும் பறிக்காமலே தேய்ந்துபோகும். பறவை மறந்துவிட்டது என்று சொல்கிறோம். உண்மையில், நினைவு வைத்திருந்தவற்றை நாம் தெரிந்தெடுக்கவில்லை.

காஞ்சிபுரத்தார்க்கு இதனை விளக்க வேறோர் உவமையும் உண்டு. நம் தறிகளில் ஓடும் பட்டு எந்தப் பூச்சியினுடையது? அந்தப் பட்டுப்பூச்சிக்குச் சிறகு உண்டு, பறக்க இயலாது. அதன் புழு மல்பெரி இலையைத் தேடித் தானே செல்லாது. நாம் பறித்துத் தட்டில் போட வேண்டும். சீனத்தில் பல்லாயிரம் ஆண்டுகள் மனிதன் கையில் வாழ்ந்து, மனிதனின்றி ஒரு பருவங்கூடப் பிழைக்க இயலாததாய் அது ஆகிவிட்டது. நூலின் பொருட்டு அது பறத்தலை இழந்தது. முட்டையின் பொருட்டுக் காடை அடைகாத்தலை இழந்தது. இதைச் சொன்னபோது அம்மாணவி, "அப்ப குஞ்சுக்கு யார்தான் அம்மா?" என்றாள். பெற்றவள் வளர்க்காத பிள்ளையை வளர்ப்பவளைத் தமிழில் செவிலி என்போம். எங்கள் ஊருக்கு இப்பெயர் எதனால் வந்தது என்று ஆராய்வது என் வேலையன்று; ஆனால் செவிலிமேட்டில் காடை வளர்ப்பவன் செவிலியாக ஒப்புக்கொண்டே தீரவேண்டும்.

அச்செவிலி வேலையை இப்போது சொல்கிறேன். முட்டை ஏறத்தாழ 10 கிராம் எடையுள்ளது. அதனைப் பொரிக்கச் சிறு எந்திரம் போதும். உள்ளே வெப்பம் பாரன்ஹீட்டில் 100 பாகையை ஒட்டியே நிற்க வேண்டும். முதல் 14 நாட்கள் நாளொன்றுக்குப் பலமுறை முட்டைகளைத் திருப்பி வைக்க வேண்டும். தாய்ப்பறவை அலகால் செய்யும் வேலை அது. செய்யாவிட்டால் கரு ஓட்டின் உட்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். 17 அல்லது 18-ஆம் நாளில் குஞ்சு வெளிவரும். வெளிவருவதற்கு முன்னரே ஓர் அதிசயம் நிகழ்கிறது. ஓட்டுக்குள் இருக்கும் குஞ்சுகள் 'டிக் டிக்' என்று மெல்லிய ஒலி எழுப்புகின்றன. 1960-களில் கேம்பிரிட்ஜில் மார்கரெட் வின்ஸ் என்ற அம்மையார் இதனை ஆராய்ந்து, அவ்வொலியைக் கேட்டே பிந்திய குஞ்சுகள் விரைகின்றன என்றும், ஒன்றையொன்று தொட்டிருக்கும் முட்டைகள் ஏறத்தாழ ஒரே வேளையில் பொரிகின்றன என்றும் கண்டார். அருகில் தாயில்லாவிட்டாலும் உடன்பிறந்தோர் பேசிக்கொள்கின்றனர். ஆகையால் எந்திரத்தில் முட்டைகளை எட்ட எட்ட வைக்காமல் ஒட்டினாற்போல் வையுங்கள்.

சிறுகோழியை அடைவைத்தும் காடை முட்டையைப் பொரிக்கலாம் என்பர். நானும் ஒருமுறை செய்து பார்த்தேன். கோழியின் கால் பட்டுப் பாதி முட்டைகள் உடைந்தன. மேலும் கோழிக்கு வரும் நோய்கள் காடைக்கும் தொற்றக்கூடும். இரண்டையும் ஒன்றாய் வைக்காமலிருப்பதே நலம்.

பொரிந்த குஞ்சின் எடை 7 அல்லது 8 கிராம். பெரியவர் கட்டைவிரல் நுனியளவு. முதல் வாரத்தில் அதற்கு 95 பாகை வெப்பம் வேண்டும். வாரந்தோறும் 5 பாகை குறைத்துக்கொண்டே வரலாம். அட்டைப்பெட்டியும் 40 வாட் மின்விளக்கும் போதும். வெப்பமானி இல்லாதவர் கவலைப்பட வேண்டா, குஞ்சுகளே வெப்பமானி. விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கிக் கிடந்தால் குளிர்கிறது. பெட்டியின் ஓரங்களுக்கு ஓடி அலகைத் திறந்து மூச்சு வாங்கினால் சுடுகிறது. பரவலாய்ப் படுத்து உறங்கினால் எல்லாம் சரி. தரையில் வழவழப்பான செய்தித்தாளை விரிக்கக் கூடாது. கால் வழுக்கி, இரண்டு கால்களும் விலகி, குஞ்சு முடமாகிவிடும். சாக்குத்துணி நல்லது. நீர் வைப்பதில்தான் நான் பெரும்பிழை செய்தேன். ஆழமில்லாத கிண்ணம் என்று நினைத்து ஒரு விரலாழம் நீர் வைத்தேன். காலையில் நான்கு குஞ்சுகள் அதனுள் மூழ்கிக் கிடந்தன. அன்றுமுதல் நீர்க்கிண்ணம் நிறையக் கோலிக்குண்டுகளைப் போட்டு, இடுக்குகளில் மட்டும் நீர் நிற்குமாறு செய்கிறேன். என் பேரன் தன் கோலிக்குண்டுகள் அனைத்தையும் இதற்காகத் தந்துவிட்டான். திருப்பித் தரும்படி இன்னும் கேட்கவில்லை.

மூன்று வாரத்துக்குமேல் ஆண் பெண் அடையாளம் தெரியும். சேவலின் மார்பு செங்கல் நிறமாய்ப் புள்ளியின்றி இருக்கும்; பெட்டையின் மார்பில் வெளிர் நிறத்தின்மேல் கரும்புள்ளிகள் தெளித்திருக்கும். இரண்டு சேவல்களை ஒரே கூண்டில் விடாதீர்கள். கண்ணைக் கொத்திக் குருடாக்கிவிடும். ஒரு சேவலுக்கு மூன்று நான்கு பெட்டைகள் என்பது அளவு.

இனிக் கூண்டு. விலைக்கு வளர்ப்போர் ஒரு சதுர அடியில் ஐந்தாறு காடைகளை அடைக்கின்றனர். வளர்ப்பு உயிராக வைத்திருப்பவர் அதைப் பின்பற்ற வேண்டியதில்லை. பறவைக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாமல் இடம் விடுவது என் வழக்கம். என் ஐந்துக்கும் நான்கடி நீளம், இரண்டடி அகலம். உயரத்தில்தான் சூட்சுமம் இருக்கிறது. எத்தனை தலைமுறை வீட்டில் பிறந்தாலும், அஞ்சினால் நேர்மேலே எழும்பும் குணம் இப்பறவையை விட்டுப் போகவில்லை. 1968-இல் நான் கண்ட அதே எழும்பல்தான். மேற்கூரை இரண்டு மூன்றடி உயரத்தில் இருந்தால், வேகம் கூடிப் போய் மோதி மண்டை உடையும். பத்து அங்குல உயரமே இருந்தால் வேகம் கூடுவதற்கு இடமில்லை. அதற்கும் கீழே பழைய பருத்திப் புடவையை இழுத்துக் கட்டிவிட்டேன். மோதினாலும் மெத்தையில் மோதியது போலாகும். இதில் எனக்கு ஒரு வேடிக்கை: அடுத்த அறையில் நாள் முழுதும் தறி ஓடுகிறது, அந்த ஓசைக்கு இவை கண்ணைக்கூட இமைப்பதில்லை. அடுப்படியில் ஒரு தட்டு கீழே விழுந்துவிட்டால் ஐந்தும் ஒருசேர எழும்புகின்றன.

தரைக்குக் கம்பி வலை கூடாது, கால் புண்ணாகும். பலகையின்மேல் உமி பரப்பி, ஈரமாவதற்கு முன் மாற்ற வேண்டும். பக்கங்களுக்கு அரை அங்குலக் கண்ணுள்ள வலை வேண்டும். எலியும் கீரியும் பூனையும் புழக்கடைக்கு வருபவை. இரவில் சாக்குப் போட்டு மூடுவது நல்லது. கோடையில் அதே சாக்கை நனைத்துத் தொங்கவிட்டால் குளிர்ச்சி. கூண்டின் ஒரு மூலையில் ஒரு தட்டு நிறைய மணலும் சாம்பலும் வையுங்கள். காடை நீரில் குளிப்பதில்லை, மண்ணில் குளிக்கிறது. காலை வெயிலில் அது பக்கவாட்டில் சாய்ந்து, சிறகை விரித்து, மணலை முதுகின்மேல் வாரி இறைத்துக்கொண்டு, கண்ணை அரைக்கண்ணாக மூடிக் கிடக்கும் காட்சிக்காகவே இப்பறவையை வளர்க்கலாம் என்பேன்.

தீவனத்தில் பெரிய மருமம் ஒன்றுமில்லை. வளர்ந்த காடைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 கிராம் போதும். என் ஐந்துக்கும் மாதம் நான்கு கிலோவுக்கு உட்பட்டே ஆகிறது. தானியம் மட்டும் போட்டால் நலியும், புரதம் மிகுதியாய் வேண்டும். கோழிக் குஞ்சுத் தீவனத்தை நன்கு பொடித்துத் தரலாம். முட்டையிடும் பெட்டைக்குக் கிளிஞ்சல் தூள் தனியே வேண்டும்; இல்லாவிடில் ஓடு தோலாகிவிடும். கூண்டைத் தொட்டபின் சோப்பிட்டுக் கை கழுவுவதைச் சிறுவர்க்கு வழக்கமாக்குங்கள்.

கோழி பெரும்பாலும் காலையில் முட்டையிடும். காடை பெரும்பாலும் மாலையில் இடும். பள்ளிவிட்டு வரும் பிள்ளைகளுக்கு இது வசதி. நல்ல பெட்டை ஆண்டுக்கு 250 முட்டைக்குமேல் இடும். ஐந்து காடை முட்டை ஒரு கோழி முட்டைக்குச் சமம். 'ஆயிரம் கோழிக்கு அரைக் காடை' என்று கடைப் பலகைகளில் எழுதி வைத்திருக்கிறார்கள். அது நாக்கு போட்ட கணக்கு, மருத்துவர் போட்டதன்று. முட்டை பெருக வேண்டுமானால் நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் ஒளி வேண்டும். காஞ்சிபுரத்தில் ஆண்டின் நீண்ட பகல்கூட 13 மணி நேரத்தை எட்டுவதில்லை. ஆகவே பண்ணையாளர் இரவில் விளக்கேற்றுகின்றனர். நான் ஏற்றுவதில்லை. ஐப்பசி கார்த்திகையில் என் பெட்டைகள் முட்டையிடுவதைக் குறைத்துக்கொள்கின்றன. அவ்வோய்வு அவற்றுக்கு வேண்டியதே என்று விட்டுவிடுகிறேன்.

முட்டைகளைக் கூர்ந்து பாருங்கள். ஒரு பெட்டையின் முட்டையில் பெரிய கருந்திட்டுகள். மற்றொன்றினுடையதில் கடுகு தூவியது போன்ற சிறுபுள்ளிகள். ஒவ்வொன்றும் தன் கோலத்தையே பெரும்பாலும் மாறாமல் இடுகிறது. 2013-ஆம் ஆண்டில் பிரித்தானிய ஆய்வாளர் சிலர், பல நிற மணற்பரப்புகளில் ஜப்பானியக் காடைகளை முட்டையிட விட்டுப் பார்த்தனர். திட்டுகள் மிகுந்த முட்டையிடுபவை அத்திட்டின் நிறத்தை ஒத்த மணலையும், திட்டுகள் குறைந்த முட்டையிடுபவை ஓட்டின் நிறத்தை ஒத்த மணலையும் தேடிச் சென்று இட்டன. தன் முட்டை எந்நிறம் என்று அப்பறவைக்குத் தெரிந்திருக்கிறது! அடைகாக்க மறந்த பறவை, ஒளித்து வைக்க மறக்கவில்லை.

தாய்க்குணம் இப்படி எஞ்சியிருப்பதைக் கண்டு, 'இவற்றை வெளியே விட்டால் மீண்டும் காட்டுப் பறவை ஆகிவிடுமே' என்று எவரும் எண்ண வேண்டா. எங்கள் தெருவிலேயே அவ்வாறு ஒன்று நடந்தது. தேர்வு நெருங்கியதால் பேண இயலாமல், ஒரு கல்லூரி மாணவர் தம் இரண்டு காடைகளைப் பாலாற்றங்கரையில் கொண்டுபோய் விட்டுவந்தார். விடுதலை தந்ததாகவே அவர் நம்பினார். மறுநாள் காலை நாங்கள் இருவரும் போய்ப் பார்த்தபோது, விட்ட இடத்திலிருந்து பத்தடி தொலைவில் ஒன்றின் இறகுகள் கிடந்தன. மற்றொன்று ஆளைக் கண்டதும் ஓடவில்லை. தீவனம் எதிர்பார்த்து எங்களை நோக்கி நடந்து வந்தது. அது இப்போது என் கூண்டில் இருக்கிறது. மூத்தது என்று சொன்னேனே, அதுதான். ஒருகால் பிழைத்திருந்தாலும் தீமையே. ஐரோப்பாவில் இவ்வாறு வெளியேறிய ஜப்பானியக் காடைகள் அங்குள்ள காட்டுக் காடைகளோடு கலந்து, வலசைப் பறவையின் இனத்தூய்மையையே கெடுத்திருக்கின்றன. 1990-ஆம் ஆண்டில் சோவியத் நாட்டினர் 'மிர்' என்னும் விண்வெளி நிலையத்தில் இக்காடை முட்டைகளைப் பொரிக்கச் செய்தனர். குஞ்சுகள் பிறந்தன, ஆனால் எடையற்ற வெளியில் காலூன்றி இரை கொத்த அவற்றால் இயலவில்லை. பாலாற்று மணலும் அந்தக் காடைக்கு விண்வெளியாகவே இருந்தது. வளர்க்க இயலாதவர் வளர்ப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்கும் வழியில்லையென்றால் தொடங்காமலே இருக்கலாம். கொல்லைக் குரலைக் கேட்க வேலிப்பக்கம் போய் நின்றால் போதும், அதற்குக் கூண்டு வேண்டியதில்லை.

சென்ற பங்குனியில் கூண்டை ஒட்டி, மண்ணும் புல்லும் உள்ள சிறு அடைப்பொன்று கட்டிப் பெட்டைகளைப் பகலில் அதில் விட்டேன். ஒரு மூலையில் வெட்டிவேர்த் தூறு இருந்தது. ஒரு பெட்டை அதனடியில் குழி பறித்து, பத்து நாட்களில் ஒன்பது முட்டைகளை இட்டது. பதினோராம் நாள் மாலை நான் அழைத்தபோது அது வரவில்லை. குனிந்து பார்த்தேன். முட்டைகளின்மேல் இறகை அகல விரித்து அமர்ந்திருந்தது. கையை நீட்டியதும் சீறியது. ஐந்து நாட்கள் அப்படியே இருந்தது. இரை உண்ண மட்டும் எழுந்தது. ஆறாம் நாள் எதனாலோ எழுந்து போனது, திரும்பவில்லை. முட்டைகள் முற்றும் ஆறுவதற்குள் எடுத்து எந்திரத்தில் வைத்து, எஞ்சிய நாட்களை எண்ணினேன். மூன்று குஞ்சுகள் வந்தன. அவற்றுள் இரண்டு பெட்டைகள். இப்போது அவற்றின் மார்பில் புள்ளி தெரியத் தொடங்கியிருக்கிறது. வெட்டிவேர்த் தூற்றை வெட்டாமல் விட்டிருக்கிறேன்.